கைக்கோடரியும் கோடாலிக்காம்பும்

2006இல் மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன் கண்டியூரில், ஒரு வீட்டுக் கொல்லையில் கன்று நடக் குழி வெட்டியபோது வழவழப்பான கல் ஒன்று கிடைத்தது. அதில் சிந்துவெளிக் குறிகள் இருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் சொன்னதும் பேச்செல்லாம் எழுத்தின் பக்கம் போய்விட்டது. அந்தக் கல்லைப் பலரும் 'கைக்கோடரி' என்று எழுதினார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் உறுத்துகிறது.

கைக்கோடரி என்பது உண்மையில் வேறொரு கருவியின் பெயர். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவை கைக்கோடரிகள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அவற்றின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் எனக் கணித்தது. உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து இறைச்சி அறுக்கவும் எலும்பு உடைக்கவும் ஏற்ற கல் அது, காம்பு கிடையாது. ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழாக்கி வைத்த பெயர், அந்தக் கருவிக்குப் பொருந்தவும் செய்கிறது.

செம்பியன் கண்டியூரில் கிடைத்ததைப் போன்ற புதிய கற்காலத்துக் கல்லை ஆங்கிலத்தில் 'செல்ட்' என்பார்கள். ஆங்கில எழுத்து ஒன்றேயானாலும் கெல்ட் இனத்தாருக்கும் அதற்கும் தொடர்பில்லை. லத்தீன் விவிலியத்தின் யோபு நூலில், 'உறுதியாக' எனப் பொருள்படும் 'செர்த்தே' என்ற சொல் சில படிகளில் 'செல்த்தே' என்று நுழைந்துவிட்டது. அதைக் கல்லில் பொறிக்கும் உளி என்று எண்ணிப் பழம்பொருள் ஆய்வாளர்கள் கையாண்டார்கள் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். பிழையில் பிறந்த பெயர்தான், ஆனாலும் இரண்டு கருவிகளையும் அது பிரித்துக் காட்டுகிறது. நாமோ இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொண்டோம்.

இத்தனைக்கும் நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. கோடரியைக் கோடு, அரி என்று பிரித்து, மரக்கிளையை அரிவது என்று பொருள் சொல்வார்கள். வடமொழிக் 'குடார'த்தோடு சேர்ப்பவர்களும் உண்டு. எப்படிக் கொண்டாலும் மரம் வெட்டும் கருவிதான். ஊர் வழக்கில் கோடாலி என்றதுமே காம்பும் கூடவே வந்துவிடும். குலத்தைக் கெடுப்பவனைக் கோடாலிக்காம்பு என்று திட்டுகிற மொழி நம்முடையது.

அந்தக் காம்பில்தான் பிழைப்பு மாறிய கதை இருக்கிறது. பெல்லாரிப் பக்கம் சங்கனகல்லு அருகே ஹிரேகுட்டாவில், குன்றின் குறுக்கே ஓடும் கரிய டோலரைட் பாறையை உடைத்துப் புதிய கற்கால மக்கள் கோடாலி செய்திருக்கிறார்கள். முதலில் பெரிய சில்லுகளாகப் பெயர்த்து உருவம் கொண்டுவருவார்கள். பிறகு கொத்திக் கொத்தி மேடு பள்ளம் குறைப்பார்கள். கடைசியில் பாறைமேல் வைத்துத் தேய்ப்பது. சில்லெடுத்த விளிம்பு கூர்மையானது, ஆனால் மரத்தில் ஓங்கிப் போட்டால் பொரிந்துவிடும். தேய்த்த வாய் அடி தாங்கும். கறி அறுக்க யாரும் இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள். புதரும் மரமும் வெட்டி நிலம் திருத்த வேண்டும், கொட்டகைக்குக் கால் நட வேண்டும், மாட்டுக்குப் பட்டி அடைக்க வேண்டும் என்றால்தான் இந்தப் பாடு. சிலவற்றில் வாயின் ஒரு பக்கம் மட்டுமே சாய்வாக இருக்கும். தச்சர் கையில் இன்றும் உள்ள வாய்ச்சியின் பாட்டி என்று அவற்றைச் சொல்லலாம்.

திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் தேய்த்த கற்கோடாலிகள் கிடைத்தன. அங்கேயே கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கோடாலி திருத்திய நிலத்தில் என்ன விளைந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

அத்திரம்பாக்கத்துக் கல்லுக்கே கைக்கோடரி என்ற பெயரை விட்டுவிடலாம். பையம்பள்ளிக் கல்லைக் கற்கோடாலி என்றே எழுதுவோம். காம்பு மக்கி மண்ணாகிவிட்டது. ஆனால் அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்களைப் பார்த்தால் பலவற்றில் வாய் மட்டும் பளபளவென்று இருக்கும்; குறுகிய பின்புறம் கொத்தியபடியே சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும். வழுக்காமல் காம்பு கவ்விப் பிடிக்க உதவிய இடம் அது.