மழைச் சரிவும் நடுக்கச் சரிவும்

"மழையால்தானே மலை சரியும், ஆசிரியரே?" சிராங்கூன் சாலையருகே நடக்கும் எம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். இலங்கையின் கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்புகளை 2014 அக்டோபர் 29 அன்று மண் மூடிய துயரத்தை அப்போது பேசிக்கொண்டிருந்தோம். மழைநீர் மெல்ல ஊறியே மண்ணின் பிடியைத் தளர்த்தும். எச்சரிக்க அவகாசம் உண்டு. அங்கும் 2005இலேயே எச்சரித்தனர். மாற்று வீடின்றி அம்மக்கள் எங்கே செல்வர்?

நிலநடுக்கமோ அவகாசம் தருவதில்லை. 2009 செப்டம்பர் 30 மாலை நம் அடுக்குமாடிகளையும் அசைத்த 7.6 அளவு நடுக்கம், சுமத்ராவின் பாடாங் பாரியமானில் பல மலைச்சரிவுகளை ஒருசேரப் பெயர்த்து ஊர்களைப் புதைத்தது. ஆயினும் அம்மாணவியின் கேள்வியை நான் புறந்தள்ளவில்லை. அங்கும் மழையில் நனைந்திருந்த எரிமலை மண்ணே எளிதில் வழுக்கிச் சரிந்தது.