38 டிகிரிதானே என்று அலட்சியம் வேண்டாம்: தாம்பரம் பகுதிக் கோடையும் நம் பாதுகாப்பும்

சென்னையில் இன்று 38 டிகிரி என்று செய்தியில் சொல்கிறார்கள். வேலூரிலும் ஈரோட்டிலும் 42. அதைக் கேட்கும் தாம்பரத்துக்காரர், "அங்கே அளவுக்கு நமக்கு இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதி அடைகிறார். அந்த நிம்மதி பல நேரம் தவறான கணக்கின் மேல் வருவது. வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கையை எப்படிப் படிப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது. குறிப்பாக வீட்டில் முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வெயிலில் உழைக்கும் ஆண்கள் இருக்கும் குடும்பங்கள்.

எந்த ஊரின் வெப்பம்?

சென்னையின் வெப்பநிலை என்று நாம் கேட்பது நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு இடங்களில் அளக்கப்படுவது. நுங்கம்பாக்கம் கடலுக்கு அருகில் உள்ளது. மீனம்பாக்கம் உள்ளே தள்ளி இருப்பதால் கோடையில் அங்கே பெரும்பாலும் கூடுதலாகவே பதிவாகும். குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் மக்கள் பார்க்க வேண்டியது மீனம்பாக்கத்தின் எண்ணைத்தான்.

இன்னொன்று மாவட்டம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்கள் 2019-இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளன. சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை மாவட்ட வாரியாகத்தான் வெளியிடுகிறது. "சென்னைக்கு எச்சரிக்கை இல்லை" என்று படித்துவிட்டு, செங்கல்பட்டு என்ற பெயரை நாம் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

கடற்காற்று தாமதமானால்

நம் பகுதியின் கோடையைத் தீர்மானிப்பது கடற்காற்று. வெயில் ஏற ஏற நிலம் சூடாகும். அப்போது கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். அது நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டால் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. பாலவாக்கம், நீலாங்கரை மக்களுக்கு அது முதலில் கிடைக்கிறது. மேடவாக்கம் தாண்டி தாம்பரம் வந்து சேரப் பிந்திவிடும். வண்டலூர், கூடுவாஞ்சேரிக்கு இன்னும் தாமதம்.

மே இறுதியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று பலமாக வீசும். அது கடற்காற்றை எதிர்த்துத் தள்ளிவிடும். வங்கக் கடலில் உருவாகும் புயல் நமக்கு மழை தராமல் வடக்கு நோக்கிப் போகும்போதும் இதே நிலைதான். அப்படிப்பட்ட நாட்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை அனல் ஏறிக்கொண்டே போகும். எனவே செய்தியில் "மேற்குத் திசைக் காற்று", "கடற்காற்று தாமதம்" என்ற சொற்கள் வந்தால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடிந்துவிடும் என்பது பஞ்சாங்கக் கணக்கு. காற்றின் கணக்கு வேறு. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003-ஆம் ஆண்டு மே மாதம் முடியும் தறுவாயில்தான். ஜூன் பாதி வரை கவனம் தேவை. அந்த நாட்களில் மாலையிலும் இரவிலும் மேற்கிலிருந்து இடிமழை வந்தால் அது இறைவனின் அருள்.

அறிவிப்பு வராத ஆபத்து

வெப்ப அலை என்று அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு ஓர் அளவுகோல் உண்டு. சமவெளிகளில் 40 டிகிரியாவது இருக்க வேண்டும். கடலோரத்தில் 37 போதும். ஆனால் இரண்டு இடத்திலும் அது இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். சென்னையில் மே மாத இயல்பே 37, 38 தான். ஆக, ஏறத்தாழ 42-ஐத் தொட்டால்தான் இங்கே "வெப்ப அலை" என்ற சொல் வரும். அதற்குக் கீழே எத்தனையோ ஆபத்தான நாட்கள் பெயரில்லாமல் கடந்து போகின்றன.

அவை ஆபத்தாவதற்குக் காரணம் ஈரப்பதம். உடல் தன்னைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. உடலின் சூடு உள்ளேயே தங்கிவிடும். 36 டிகிரி வெப்பத்தில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால் உடல் உணர்வது 45-க்கும் மேல். வேலூரின் வறண்ட 42-ஐவிட அது கடுமையாக இருக்கலாம்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியைக் காணச் சென்றவர்களில் ஐந்து பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது கோடையும் அல்ல, கடலிலிருந்து தூரமும் அல்ல. வெயில், கூட்டம், நிழலும் தண்ணீரும் போதாமை ஆகியவை ஒன்றுசேர்ந்த இடம் அது.

காலையில் பார்க்க வேண்டியவை

1. அதிகபட்ச வெப்பநிலை: மீனம்பாக்கம் எண்.
2. குறைந்தபட்ச வெப்பநிலை: இரவிலும் 30 டிகிரிக்குக் குறையாவிட்டால் உடலுக்கு ஓய்வே கிடைக்காது. தொடர்ந்து சில இரவுகள் அப்படி இருந்தால் முதியவர்களைத் தனியே விடாதீர்கள்.
3. ஈரப்பதம்: கைப்பேசியில் "உணரும் வெப்பம்" என்று காட்டுவதையும் பாருங்கள்.
4. காற்றின் திசை: மேற்கா, கிழக்கா?

தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம். அறையின் வெப்பம் 40-ஐத் தாண்டினால் மின்விசிறி அனலைத்தான் வீசும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நேரத்தில் ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொண்டு, பகலில் குளிர்ச்சியான வேறு இடத்துக்குப் போய்விடுவதே நல்லது.

பள்ளிவாசல்கள் செய்யக்கூடியது

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுப் பிற்படுத்தித் தொழுவது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஃபிக்ஹு நூல்கள் இதை "இப்ராத்" என்று பேசுகின்றன. நம் மார்க்கம் வெப்பத்தைப் பொருட்படுத்தாத மார்க்கமல்ல. ஜும்ஆ நேரம் வெயிலின் உச்சத்தில் அமைகிறது. குத்பாவைச் சுருக்குவதும், வெளியே சாலையில் தொழுகிறவர்களுக்குப் பந்தலிடுவதும், வாசலில் குடிநீர் வைப்பதும் நிர்வாகிகளின் கையில் உள்ளன. பகலில் பள்ளிவாசலின் ஒரு பகுதியைத் திறந்து வைத்தால் கட்டடத் தொழிலாளியும், உணவு கொண்டு செல்லும் இளைஞரும், யாராக இருந்தாலும், அரை மணி நேரம் நிழலில் அமரலாம். தண்ணீர் புகட்டுவதைவிட எளிய ஸதகா ஏது?

ஹஜ்ஜுப் பெருநாள் 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே வருவதால் 2026 முதல் 2028 வரை அது மே மாதத்தில் அமையும். திடல் தொழுகையை அதிகாலையிலேயே வைப்பதும், குர்பானி வேலையை வெயிலுக்கு முன் முடிப்பதும் அவசியமாகிவிடும். அரஃபா நோன்பு சுன்னத்தானது. நோயாளிகளும் வெயிலில் உழைப்பவர்களும் தம் உடல்நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். 2024 ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றிச் சென்றவர்கள், நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். இபாதத்தில் இருப்பதால் வெயில் யாரையும் விட்டுவைப்பதில்லை.

அறிகுறியும் முதலுதவியும்

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, வாந்தி உணர்வு, மிகுந்த சோர்வு ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே நிழலுக்கு வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிக்கலாம். இரத்த அழுத்தம், சிறுநீரகம், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பேச்சு குழறுதல், குழப்பம், மயக்கம், தொட்டால் கொதிக்கும் உடல் ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அடையாளம். வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை சும்மா காத்திருக்காதீர்கள். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் குளிர்ந்த துணி வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. மருத்துவ ஆலோசனைக்கு 104.

உரிமையையும் அறிந்துகொள்வோம்

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். நம் வழக்கம் ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்வது. அது சுன்னத். ஆனால் அந்த அவசரத்தில், வெயிலில் வேலை செய்தபோது விழுந்தவரை "மாரடைப்பு" என்று சொல்லிவிட்டு மருத்துவரிடம் எதையும் தெரிவிக்காமல் எடுத்து வந்துவிடுகிறோம். அவர் எங்கே, எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தார் என்பதை மருத்துவமனையில் சொல்லிப் பதிவு செய்ய வைப்பது, அனாதையாகும் பிள்ளைகளின் உரிமையைக் காப்பதாகும். ஜமாஅத் நிர்வாகிகள் இதில் துணை நிற்க வேண்டும்.

தன் உயிரைப் பேணுவதும் அமானத்துதான். இந்தக் கோடையில் தனியே இருக்கும் ஒரு முதியவரின் கதவையாவது நாம் ஒவ்வொருவரும் தினமும் ஒருமுறை தட்டிப் பார்ப்போம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.