மேசைமீது வைத்த ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'டேபிள்' என்ற சொல்லைப் பாலர் வகுப்புப் பிள்ளையும் அறியும். நாம் அதனை மேசை என்கிறோம். இந்த 'மேசை'யும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்லே. 'டேபிள்' என்பதன் மூலம் 'தபுலா' என்னும் இலத்தீன் சொல். பலகை என்பது அதன் பொருள். பலகையில் எழுதியதும் அப்பெயரையே பெற்றதனால், பாடசாலையில் நேரசூசியும் கணிதத்தில் வாய்பாடும் இரசாயனவியலில் மெண்டலீவ் 1869இல் வகுத்த ஆவர்த்தன அட்டவணையும் ஆங்கிலத்தில் 'டேபிள்' ஆயின. நிலத்தடி நீர்மட்டத்துக்கும் அதே சொல்தான்.

இவை பெயர்ச்சொற்கள். வினைச்சொல்லாகும்போதே சிக்கல் எழுகிறது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் சபாநாயகரின் முன்னால் ஒரு மேசை உண்டு. ஓர் ஆவணத்தை அதன்மீது வைத்தால் அது சபையின் கவனத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அம்மரபைப் பின்பற்றியே நமது நாடாளுமன்றத்திலும் 'சபாபீடத்தில் சமர்ப்பித்தல்' என்கிறோம். அமெரிக்காவிலோ, மேசைமீது வைத்த பிரேரணை அங்கேயே கிடக்கட்டும் என்று விடப்பட்டது. இன்று அங்கு அச்சொல்லுக்குக் கிடப்பில் போடுதல் என்றே பொருள். ஒரே சொல், நேரெதிரான இரு பொருள்கள்.

இதன் விளைவைச் சேர்ச்சில் தமது இரண்டாம் உலக யுத்த வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் பதிவு செய்துள்ளார். பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட இரு வாரங்களில், 1941 டிசெம்பர் 22ஆம் திகதி, இரு நாட்டுத் தலைவர்களும் தளபதிகளும் வொஷிங்டனில் கூடினர். அவசரமாக ஆராயவேண்டிய ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய விரும்புவதாகப் பிரித்தானியத் தரப்பினர் கூறினர். அதை ஒதுக்கிவைக்கச் சொல்கிறார்கள் என்று அமெரிக்கர் விளங்கிக்கொண்டனர். நீண்ட, கசப்பான வாக்குவாதத்தின் பின்னரே இரு தரப்பினரும் ஒன்றையே கோருகின்றனர் என்பது தெரியவந்தது. காலம் காத்திருக்கவில்லை. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலேயே யப்பானியக் குண்டுகள் விழுந்தன.

இக்கதையை நான் அறியுமுன்னரே அச்சொல் என்னை வீழ்த்திவிட்டது. உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், அமெரிக்கச் செய்தி நிறுவனமொன்றின் செய்தியில் ஒரு பிரேரணை 'டேபிள்' செய்யப்பட்டதாக இருந்தது. 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதினேன். உண்மையில் அது கைவிடப்பட்டிருந்தது. சில வாரங்களின் பின் தற்செயலாகவே பிழையை உணர்ந்தேன். வாசகர் எவரும் சுட்டிக்காட்டவில்லை, திருத்தமும் வெளியாகவில்லை. அந்தப் பத்திரிகைப் பிரதி எங்கேனும் ஒரு நூலகத்தில் இருக்குமாயின், அதனைப் படிப்பவர் நடந்ததற்கு நேர்மாறானதையே அறிவார்.

அறியாத சொல்லுக்கு நாம் அகராதியைப் புரட்டுகிறோம். நன்கு அறிந்ததாக எண்ணும் சொல்லுக்குப் புரட்டுவதில்லை. அன்றிலிருந்து, ஒரு சொல்லின் பொருளைத் தேடுமுன் அதைச் சொன்னவர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.