பாவாடை கிழிந்தால் யார் தைப்பது?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கச் செயலாளர், "மெஸ் சாம்பார், ஹாஸ்டல் குறும்பு எல்லாம் போன மலர்லயே நிறைய வந்துடுச்சு சார். நீங்க ஏதாவது சப்ஜெக்ட்டா எழுதுங்க" என்றார். சரி, இதே கல்லூரியில் என்னை வசமாக மாட்டிவிட்ட சப்ஜெக்ட்டையே எழுதிவிடுகிறேன்.

1973-ன் தொடக்கம். மெக்கானிக்கல் இறுதியாண்டு. செமினாருக்கு நான் எடுத்த தலைப்பு ஹோவர்கிராஃப்ட். இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் காக்கரெல் கண்டுபிடித்த அந்த வாகனம் 1959 ஜூலை 25-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. 1968 ஆகஸ்டில் எஸ்.ஆர்.என்.4 என்ற ராட்சதன் டோவரிலிருந்து பிரான்சுக்குப் பயணிகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டான். 254 பேர், 30 கார்கள், மணிக்கு 60 கடல்மைலுக்கு மேல் வேகம்! "இனி கப்பல் என்பது பழங்கதை" என்று முழங்கினேன்.

பின் வரிசையில் இருந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அந்தப் பாவாடை கிழிஞ்சா யாரு தைப்பா? எத்தனை நாளைக்கு ஒருதரம் தைப்பா?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம். ஆனால் கேள்வி நியாயமானது. காற்று மெத்தை கலைந்துபோகாமல் வாகனத்தின் அடியைச் சுற்றித் தொங்கும் ரப்பர் பூசிய நைலான் துணிக்குப் பெயரே பாவாடைதான். அதன் கீழ் ஓரத்தில் விரல்விரலாகத் தொங்கும் துண்டுகள் அலையில் அடிபட்டுத் தேய்ந்துகொண்டே இருக்கும், மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். என் இருபது பக்கத்தில் அதற்கு ஒரு வரி கூடக் கிடையாது.

அந்தக் காலத்தில் போட்டிக்கு நின்ற இன்னொரு வடிவம் ஹைட்ரோஃபாயில். தண்ணீருக்குள் இறக்கை, வேகம் பிடித்ததும் உடல் மேலே எழும்பிவிடும். 1956-லேயே மெசினா நீரிணையில் இத்தாலிக்காரர்கள் இதில் பயணிகளை ஏற்றிவிட்டார்கள். போயிங் விமானக் கம்பெனி ஜெட்ஃபாயில் என்று ஒன்று செய்து, அது 1975-ல் ஹாங்காங் – மக்காவ் தடத்தில் ஓட ஆரம்பித்தது. ஆள் ஏற்றுவதற்கு அருமையான படகு. ஆனால் கார் ஏற்ற முடியாது. டோவரில் அது ஒன்றே அதற்குப் பாதி தோல்வி.

நான் செமினார் எடுத்த அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. எஸ்.ஆர்.என்.4-ல் நான்கு புரோட்டியஸ் டர்பைன்கள். பிரிட்டானியா விமானத்தில் இருந்த அதே வகை. எரிபொருளை மடமடவென்று குடிக்கும். என்ன செய்தார்கள் தெரியுமா? 1978 வாக்கில் இரண்டு வாகனங்களை நடுவே குறுக்காக வெட்டி, 55 அடித் துண்டு ஒன்றைச் செருகித் திரும்ப ஒட்டினார்கள்! 418 பேர், 60 கார்கள் என்று கொள்ளளவு பெருகியது. தலைக்கு ஆகும் செலவைக் குறைக்க எடுத்த வீர முயற்சி. அதைப் படித்தபோது என் கட்சி ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஆனால் வெட்டி ஒட்டிய அதே வாகனங்களில் ஒன்றான பிரின்சஸ் மார்கரெட், 1985 மார்ச் 30-ல் பலத்த காற்றில் டோவர் துறைமுகத்துக்குள் நுழையும்போது அலைதடுப்புச் சுவரில் மோதிப் பக்கவாட்டில் கிழிந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். காற்று மெத்தையில் போகிற வண்டிக்குத் தண்ணீரில் பிடிமானம் குறைவு. பக்கக்காற்று தள்ளினால் சறுக்கும். இதையும் நான் செமினாரில் சொல்லவில்லை.

கடைசியில் ஜெயித்தது நான் பேச்சுக்குக் கூட எடுக்காத மூன்றாவது ஆள்: கேட்டமரான். பெயர் நம்ம கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, இது இரண்டு ஒல்லி ஓடுகளுக்கு மேல் ஒரு தளம். டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் அலுமினியத்தில் கட்டிய 74 மீட்டர் சீகேட் 1990 ஜூனில் அட்லாண்டிக்கை 3 நாள் 7 மணி 54 நிமிடத்தில் கடந்து, 1952 முதல் அமெரிக்கக் கப்பல் ஒன்றிடம் இருந்த சாதனையைப் பறித்தது. வேகம் ஹோவர்கிராஃப்டைவிட ரொம்பக் குறைவுதான், 35 கடல்மைல் சுமார். ஆனால் சாதாரண டீசல் என்ஜின். எந்தத் துறைமுகத்திலும் வந்து ஒட்டும். தனியாக கான்கிரீட் தளம் வேண்டாம். முக்கியமாக, பாவாடை இல்லை!

1992-ல் ஒரு வேலையாக லண்டன் போனவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை டோவர் போனேன். போகும்போது ஹோவர்கிராஃப்ட், வரும்போது சீகேட். முதலாவது முக்கால் மணிக்குள் கலேயில் இறக்கிவிட்டது. ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாத இரைச்சல், உப்புத்தூறலில் ஜன்னலே தெரியவில்லை. இரண்டாவதில் காபி குடித்தேன். அன்று கடல் சாது. குறுக்கலை வந்தால் அதுவும் ஆட்டிவைக்கும். ஆங்கிலப் பத்திரிகைகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் வாந்தியைப் பற்றியது, சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

1995-ல் பிரின்சஸ் ஆன் 22 நிமிடத்தில் கால்வாயைக் கடந்து காட்டியது. ஆனாலும் 1994-ல் திறந்த சுரங்க ரயிலும், 1999-ல் தீர்வையில்லாக் கடை விற்பனை நின்றுபோனதும் மிச்சக் கணக்கை முடித்துவிட்டன. 2000 அக்டோபர் 1-ல் கடைசி ஓட்டம். மார்கரெட்டை 2018-ல் உடைத்தார்கள். ஆன் மட்டும் லீ-ஆன்-த-சோலன்ட் அருங்காட்சியகத்துக்காகக் காப்பாற்றப்பட்டது.

2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 150 இருக்கைக் கப்பல் விட்டார்கள். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு ஒரு வாரத்துக்குள் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் வேறு கப்பல் வந்தது. அந்தத் தடத்துக்கு எந்த வடிவம் சரி என்று செமினார் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். 1973 தாள்கள் இன்னும் பரணில் இருக்கின்றன, நகல் எடுத்து அனுப்புகிறேன். பாவாடைக் கேள்வியை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.