சாகாவரச் சாபம்

சாகாவரச் சாபம் என்பது, இறப்பின்மை தண்டனையாக வந்து சேர்வதையோ, வரமாக வாங்கிய இறப்பின்மையே நாளடைவில் தண்டனையாக முற்றுவதையோ கருவாகக் கொண்ட கதைவகையாகும். இதன் பழைய வடிவங்களுள் ஒன்று மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் உள்ளது. உறங்கிக்கொண்டிருந்த இளம்பஞ்சவர்களைக் கொன்ற அசுவத்தாமன், நெற்றிமணி பறிக்கப்பட்டு, சீழும் குருதியும் நாறும் உடலோடு, பேச்சுத்துணைக்கும் ஆளின்றி மூவாயிரம் ஆண்டு காட்டில் அலையுமாறு கண்ணனால் சபிக்கப்பட்டான். அவனையே மரபு சிரஞ்சீவியர் எழுவருள் ஒருவனாகவும் எண்ணி, அனுமனோடும் வீடணனோடும் ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பது, வரத்துக்கும் சாபத்துக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டும்.

ஐரோப்பாவில் இக்கருவை அங்கதத்துக்கு, அதாவது பழித்து நகையாடும் எழுத்துக்கு, உரியதாக்கியவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். 1726இல் வெளிவந்த கல்லிவரின் பயண நூலில், சாகாமல் கிழடுதட்டிக்கொண்டே போகும் ஸ்ட்ரல்ட்பிரக் என்னும் மாந்தரை அவர் படைத்தார். தமிழில் அத்தகைய கேலி பிந்தியே வந்தது. காயகற்பம், அதாவது உடலை மூப்பின்றி நிலைநிறுத்தும் மருந்தும் பயிற்சியும், சித்தர் மரபில் கேலிக்குரிய பொருளாக இல்லாமல் அடையவேண்டிய பேறாகவே இருந்தமையே அதற்குக் காரணம்.

அம்மரபின் இரு முனைகளும் வடசென்னையில் வண்ணாரப்பேட்டைக்கு இருபுறமும் அமைந்துள்ளன. வடக்கே திருவொற்றியூர்க் கடலோரத்தில், உடலின் நிலையாமையை ஈவிரக்கமின்றி எள்ளிப் பாடிய பட்டினத்தாரின் சமாதி உள்ளது. சிறுவரோடு விளையாடிக்கொண்டிருந்தவர், தம்மை மணலால் மூடச்சொல்லி இலிங்கமாக மாறினார் என்பது அவ்வூர் வழக்கு. தெற்கே ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் இளமையில் வாழ்ந்து, திருவொற்றியூர் வடிவுடையம்மனை வழிபட்டு வந்த இராமலிங்க அடிகள், பிற்காலத்தில் மரணமிலாப் பெருவாழ்வை, அதாவது சாவே இல்லாத வாழ்வை, எல்லோருக்கும் உரியதென அறிவித்தார். 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் புகுந்தவர் பின்னர் வெளிவரவில்லை.

சாகாவரத்தை முழுக்க நகையாட்டுக்கு உட்படுத்தியவர் புதுமைப்பித்தனே. பிரம்ம ராக்ஷஸ் என்னும் சிறுகதையில் அவர் அழியாமையின் அச்சத்தை எழுதினார். 1943இல் எழுதிய கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையிலோ அதன் அபத்தத்தை எழுதினார். வண்ணாரப்பேட்டைக்குச் சற்றுத் தெற்கே, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் வந்து நிற்கும் கடவுளிடம், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை ஆயுள் சந்தா கேட்கிறார். சாவில்லாத வாசகருக்கு ஆயுள் சந்தா என்றால் அது யாருடைய ஆயுள் என்ற சிக்கல் எழுகிறது. கூத்தனான கடவுள் பிழைப்புக்காக ஆடிக் காட்டும் ஆட்டமும் கலையன்று என்று தள்ளப்படுகிறது. காயகற்ப மரபின் மீது தமிழில் வைக்கப்பட்ட ஆகக் கூரிய கேலி இதுவே.

சாகாவரக் கருவை அறிவியல் புனைவுத் தொடராக விரித்தவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்த என் இனிய இயந்திராவில், குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும், பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. அத்தனையையும் ஆட்டிப்படைக்கும் தலைவர் ஜீவாவோ ஹோலோகிராம், அதாவது லேசர் ஒளியால் உண்டாக்கப்படும் முப்பரிமாண உருவம், என்பது பின்னர் வெளிப்படுகிறது. உடலில்லாத உருவத்துக்கு மூப்புமில்லை, சாவுமில்லை. இங்கே சாபம் சாகாதவனை விட்டு ஆளப்படுவோர் மீது இறங்கிவிடுகிறது. இதன் தொடர்ச்சி மீண்டும் ஜீனோ.

தொலைக்காட்சியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசம் தொடர், சித்தர் மரபைத் திகிலோடு இணைத்தது. அங்கதம் அதில் இல்லை. திரையில், 2024 சூன் 27 அன்று தெலுங்கிலிருந்து தமிழுக்கும் வந்த கல்கி 2898 ஏ.டி. படம் அசுவத்தாமனை எதிர்கால நகருக்குக் கொண்டுவந்தது. அவனாக நடித்த அமிதாப் பச்சனுக்கு அப்போது வயது 81.