மூடி போட்ட கப் யாருக்காக?



பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கம் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் காலையில் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு வருகிறார்கள். பையில் மாற்றுச் சட்டை, துவாய், கூடவே ஒரு மூடிக் கப். மூன்று வயதில் முன்பள்ளிக்கு வரும்போதும் சிலருடைய கையில் அதே மூடிக் கப்தான். சாதாரண கப்பில் தண்ணீர் கொடுத்தால் உதட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறார்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைகளைத் திறந்த கப்புக்கு மாற்றுவோம் என்று ஆசிரியர்கள் நாங்கள் சொன்னால், "இதென்ன புதுப்பழக்கம்? சட்டையெல்லாம் நனையுதே" என்ற பதில் வருகிறது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் புதுப்பழக்கம் திறந்த கப் அல்ல, மூடிதான்.

நமது பகுதியிலும் தமிழ்நாட்டிலும் கைக்குழந்தைக்குப் பாலோ மருந்தோ புகட்டச் சங்கு இருந்தது. தமிழ்நாட்டில் பாலாடை என்றும் சொல்வார்கள். வாய் அகன்று, நுனி ஒடுங்கி, மேலே திறந்திருக்கும் சின்னப் பாத்திரம். கையை விட்டுத் தேய்த்துக் கழுவலாம். உள்ளே அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பெரியவர்களுக்கு மூக்குப்பேணி இருந்தது. உதடு படாமல் வாயில் ஊற்றிக் குடிப்பதற்கான பித்தளைப் பாத்திரம் அது. தீண்டாமையின் நிழலும் அதன்மேல் உண்டு. ஆனாலும் அதுவும் திறந்த பாத்திரமே. மூக்கு வைத்த பாத்திரம் நமக்குப் புதிதல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத பாத்திரம்தான் புதிது.

அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகியது. 1845 இல் எலைஜா பிராட் என்ற அமெரிக்கர் ரப்பர் சூப்பிக்குக் காப்புரிமை எடுத்தார். அதன்பின் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய பால் போத்தல்கள் சந்தைக்கு வந்தன. போத்தலைப் பக்கத்தில் வைத்துக் குழாயை வாயில் கொடுத்துவிட்டால் குழந்தை தானாகவே உறிஞ்சிக்கொள்ளும், தாய் வேறு வேலை பார்க்கலாம். வசதி என்னவோ உண்மைதான். ஆனால் அந்தக் குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை. பால் தங்கிப் புளித்தது, கிருமி வளர்ந்தது, குழந்தைகள் வயிற்றோட்டத்தில் இறந்தார்கள். இங்கிலாந்தில் அவற்றுக்குக் 'கொலைகாரப் போத்தல்' என்றே பெயர் வந்தது. 1910 இல் பிரான்ஸ் சட்டம் போட்டுக் குழாய்ப் போத்தலைத் தடை செய்தது.

அடுத்ததாக டின்பாலும் பால்மாவும் போத்தலோடு சேர்ந்து காலனி நாடுகளுக்கு வந்தன. ஜமைக்காவில் பிறந்த டொக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் பணியாற்றியபோது, தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின்பால் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சாவதைக் கண்டார். 1939 இல் அங்குள்ள ரோட்டரி கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. உலகம் அசைய நாற்பது வருடம் ஆனது. 1981 மே மாதம் உலக சுகாதார சபை தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கு ஒழுக்கக்கோவை ஒன்றை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்து வாக்களித்தது. அந்தக் கோவை பால்மாவோடு நிற்கவில்லை. பால் போத்தலையும் சூப்பியையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. பால் எவ்வளவு முக்கியமோ பாத்திரமும் அவ்வளவு முக்கியம் என்பதை உலகம் அன்று ஒப்புக்கொண்டது.

இதில் இலங்கை பின்தங்கவில்லை. 1983 இலேயே நமக்கென்று ஒரு கோவை வந்தது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை மூலம் குடும்பநல மாது வீட்டு வாசலுக்கே வந்தார். 2016 தேசிய அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகம் பாராட்டும் இந்தக் கணக்குக்குப் பின்னால், வெயிலில் குடை பிடித்து நமது ஒழுங்கைகளில் நடந்த அந்தப் பெண்களின் உழைப்பு இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஐ நமது கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். கல்குடாவும் பாசிக்குடாவும் பட்டதை இங்கே எழுதத் தேவையில்லை. அந்த நாட்களில் நல்ல மனதோடு வந்த நிவாரணங்களில் பால்மாவும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியில் சுனாமி பாதித்த கிராமங்களில் மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். இலவசப் பால்மா குடித்த பிள்ளைகளிடம் வயிற்றோட்டம், குடிக்காத பிள்ளைகளைவிட மூன்று மடங்காக இருந்தது. கிணறு கலங்கி, விறகு இல்லாமல், போத்தலைக் கொதிக்க வைக்கவும் வழியில்லாத இடத்தில் வேறென்ன நடக்கும்? அனர்த்த காலத்தில் போத்தல் வேண்டாம், திறந்த கப்பால் புகட்டுங்கள் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்வது இதனால்தான். சுற்றிவளைத்து உலகம் நமது உம்மம்மாமாரின் சங்குக்கே திரும்பி வந்திருக்கிறது.

இனி மூடிக் கப்பின் கதை. 1980களில் அமெரிக்கப் பொறியியலாளர் ரிச்சர்ட் பெலாஞ்சர், தன் சின்ன மகன் வீடெல்லாம் சிந்துவதைத் துடைத்துக் களைத்துப்போனார். கவிழ்த்தாலும் ஒழுகாத வால்வு வைத்த கப் ஒன்றைச் செய்தார். பிறகு பிளேடெக்ஸ் கம்பனி மூலம் அது உலகமெங்கும் பரவியது. அவரில் பிழையில்லை, எந்தத் தகப்பனும் நினைக்கக்கூடியதுதான். ஆனால் அந்தக் கப் தீர்த்த பிரச்சினை எது என்று பாருங்கள். தரையின் பிரச்சினை. பிள்ளையின் பிரச்சினை அல்ல.

வால்வு உள்ள கப்பில் பிள்ளை குடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. பெயர்தான் கப், வேலை போத்தலின் வேலை. சீனி போட்ட பால் தேத்தண்ணியை ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டால் நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே திரியும். பால் பற்கள் சொத்தையாக இதைவிட நேரான வழி வேறில்லை. வால்வுக்குள் தேங்கும் பால், அந்தக் காலத்து ரப்பர் குழாயைத்தான் நினைவுபடுத்துகிறது. ஒரு வயதளவில் போத்தலை விட்டுக் கப்புக்கு மாறும்படி பல் வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்தே திறந்த கப்பில் ஒவ்வொரு மிடறாகப் பழக்கலாம் என்பது பிரித்தானிய சுகாதார சேவையின் ஆலோசனை.

நமது மார்க்கத்திலும் இதற்கு வெளிச்சம் உண்டு. தோல்பையின் வாயில் நேரடியாக வாய் வைத்துக் குடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புஹாரியில் வருகிறது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை அறிஞர்கள் காரணங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். இதை வைத்து மூடிக் கப்புக்கு ஃபத்வா கொடுக்க நாங்கள் வரவில்லை! பருகும்போது மூன்று முறை மூச்சு விட்டுப் பருகுவதும் சுன்னா. வளர்ப்பில் இருந்த சிறுவன் உமர் இப்னு அபீ ஸலமாவின் கை தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது நபியவர்கள் தட்டை எடுத்துவிடவில்லை. பிஸ்மி சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தன் பக்கத்தில் இருப்பதை உண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளை சிந்தும் என்பதற்காகப் பாத்திரத்தை மூடுவது ஒரு வழி, பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதுதான் தர்பியா.

வீட்டிலும் பராமரிப்பு நிலையத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மாற்றம் இலேசாக இருக்கும். கைக்கு அடக்கமான சின்னக் கப் போதும். ஒரு விரல் அளவு கொதித்தாறிய தண்ணீரில் தொடங்குங்கள், பால் பிறகு வரட்டும். பிள்ளையை இருத்தி, கையோடு கை வைத்து, ஒரு மிடறு, ஒரு மூச்சு. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் திறந்த கப், பஸ் பயணத்துக்கு மூடி என்று வைத்தாலும் பாதகமில்லை. விழுங்குவதில் சிரமமுள்ள, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு வைத்தியர் சொல்வதே சரி.

கொஞ்ச நாளைக்குச் சட்டை நனையும், பாய் நனையும். நிலையத்தில் இருக்கும் சகோதரிகளுக்குத் துடைக்கும் வேலை கூடும். அவர்கள் சொற்பச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள். ஆகவே பெற்றோரே, ஈரச் சட்டையைக் கண்டு அவர்களிடம் முகம் சுளிக்காதீர்கள். மாற்றுச் சட்டை ஒன்றுக்கு இரண்டாக வைத்து அனுப்புங்கள். நிர்வாகிகளே, துவாயும் கப்பும் வாங்கப் பணம் ஒதுக்குங்கள், பிள்ளைகளின் எண்ணிக்கைக்குப் போதுமான ஆட்களை வையுங்கள். பெரியவர்களின் வசதிக்கான விலையைக் குழந்தைகள் கொடுத்த கதையைத்தான் மேலே படித்தீர்கள். இந்த முறை அந்தச் சிறு விலையை நாம் கொடுப்போம்.

நமது பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தையும் நல்லொழுக்கத்தையும் தருவானாக. ஆமீன்.