குடும்ப மரத்தின் நிழலில்

விவிலியத்தில் தோபித்து நூல் ஒரு தலைமுறைப் பட்டியலோடு தொடங்குகிறது. தோபித்து இன்னாரின் மகன், அவர் இன்னாரின் மகன் என முன்னோரின் பெயர்கள் வரிசையாக வந்து, நப்தலி குலத்தில் போய் நிற்கின்றன. அதே நூலில், இளைஞன் தோபியா நினிவே நகரிலிருந்து மேதியா நாட்டுக்குப் புறப்படும்போது, வானதூதர் இரபேலோடு வீட்டு நாயும் உடன் செல்கிறது. திரும்பி வரும்போதும் பின்தொடர்ந்து வருகிறது. கதைக்கு அந்த நாயால் ஆகவேண்டிய காரியம் ஏதுமில்லை. அதற்குப் பெயரும் இல்லை. ஆயினும் எழுதியவர் அதை விட்டுவிட மனம் கொள்ளவில்லை. முன்னோர் பட்டியலில் அந்த நாய்க்கு இடமில்லை. குடும்பத்தின் கதையில் இடமுண்டு. அந்நூல் காட்டும் இந்த வேறுபாடு சிறியதன்று.

இன்று குடும்ப வரலாற்றைக் கணினியில் தொகுப்போர் பலர். அவர்களுள் சிலர், வீட்டில் வளர்ந்த நாயையும் பூனையையும் குடும்ப மரத்தில் சேர்த்துவிட விரும்புகிறார்கள். வேறு சிலர் அதைக் கேட்டு நகைக்கிறார்கள். இரு சாராரும் சற்று நின்று சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

வம்சாவளியைக் குறிக்கும் ‘பெடிக்ரீ’ என்னும் ஆங்கிலச் சொல், ‘கொக்கின் கால்’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கிளைத்துச் செல்லும் கோடுகள் பறவையின் காலடியை ஒத்திருந்ததே காரணம். அச்சொல்லை இன்று மனிதருக்கும் வழங்குகிறோம், நாய்க்கும் வழங்குகிறோம். இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளின் வம்ச ஏடு 1791இலேயே அச்சாகிவிட்டது. நாய்களுக்கென இலண்டனில் கென்னல் கிளப் 1873இல் தோன்றியது. ஆனால் அவை விலைமதிப்புள்ள விலங்குகளின் ஏடுகள். ஏழையின் வாசலில் படுத்துக் கிடந்த நாய்க்கு அங்கே வரியில்லை.

மனிதருக்கோ நமது பங்குப் பதிவேடுகள் உண்டு. திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவேட்டையும் திருமுழுக்குப் பதிவேட்டையும் பங்குத்தந்தையரின் கடமையாக்கியது. ஐரோப்பாவில் கோடிக்கணக்கான எளிய மக்களின் பெயர் நமக்குக் கிடைப்பது அவற்றால்தான். எனினும் ஏடுகளும் அழிகின்றன. அப்படி அழிந்த இடத்தில் மனிதரின் பெயரை நாயின் ஏடு காத்துக் கொடுத்த வரலாறு அயர்லாந்தில் நிகழ்ந்தது.

அயர்லாந்தின் 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி, 1922 ஜூன் இறுதியில் டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் தீப்பற்றியபோது சாம்பலாயிற்று. 1861, 1871ஆம் ஆண்டுகளின் ஏடுகளைக் கணக்கு முடிந்ததும் அரசே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப்போரின்போது காகிதக் கூழாயின. ஆகவே நாடு முழுவதற்கும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினதே. பிழைப்புத் தேடிக் கடல்கடந்த இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்களின் பேரப்பிள்ளைகள் வேரைத் தேடி வரும்போது, அரை நூற்றாண்டுக்கும் மேலான இருள் அவர்கள் முன் நிற்கிறது.

அந்த இருளில் ஒரு கைவிளக்கு நாய் உரிமப் பதிவேடு. கட்டின்றித் திரிந்த நாய்கள் ஆடுகளைக் கடித்துச் சேதம் விளைவித்ததால், அயர்லாந்தில் நாய்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1865இல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் நாய் வளர்ப்போர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் நாயொன்றுக்கு 2 ஷில்லிங் கட்டி உரிமம் பெறவேண்டியதாயிற்று. உள்ளூர்ச் சிறு நீதிமன்றத்தின் எழுத்தர் உரிமையாளரின் பெயரையும் ஊரையும், நாயின் பால், நிறம், வகை ஆகியவற்றையும் ஏட்டில் எழுதிக்கொண்டார். உழவருக்கு ஆடு மேய்க்கவும் காவலுக்கும் நாய் இன்றியமையாதது. எனவே பணக்காரரின் ஏடுகளில் ஒருபோதும் இடம்பெறாத குடியானவர் பலர் இந்த ஏட்டில் இடம்பெற்றனர்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் இந்த ஏடு ஒரு குடும்பத்தின் நாட்குறிப்புப் போலவே பேசுகிறது. ஒருவர் இன்ன ஆண்டில் இன்ன ஊரில் இருந்தார் என்பது தெரிகிறது. சில ஆண்டுகள் தொடர்ந்து வந்த கணவரின் பெயர் நின்று, அதே ஊரில் மனைவியின் பெயர் தொடங்கினால், அவர் கைம்பெண் ஆகியிருக்கலாம் என ஐயுற்று இறப்புப் பதிவேட்டைத் தேடலாம். மகனின் பெயர் தொடங்கினால் நிலம் கைமாறியிருக்கலாம். பெயரே மறைந்தால் குடும்பம் கப்பலேறியிருக்கலாம். நாய் செத்தும் போயிருக்கலாம். இவை சான்றுகள் அல்ல, தடயங்கள். ஆனால் தடயமே இல்லாதவனுக்கு அதுவும் பெரும்பேறு. நாயின் பெயரை எவரும் எழுதவில்லை. பெயரில்லாத அந்த நாய் தன்னை வளர்த்தவரின் பெயரைக் காத்து வைத்தது.

வாயில்லா உயிர்களைப் பற்றிய குறிப்பு வீண்குறிப்பு அன்று என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. அப்படியானால் குடும்ப மரத்தில் நாயை எழுதிவிடலாமா? இங்கேதான் கவனம் வேண்டும்.

குடும்ப வரலாற்று மென்பொருள்கள் தமக்குள் செய்தியைப் பரிமாறிக்கொள்ள ‘ஜெட்காம்’ என்னும் பொதுமுறை 1984 முதல் வழங்கிவருகிறது. அதில் ஆளுக்கு ஒரு பதிவு. கணவன், மனைவி, பிள்ளைகளைப் பிணைக்கும் குடும்பத்துக்கு ஒரு பதிவு. வளர்ப்பு விலங்குக்கெனத் தனிப்பதிவு கிடையாது. ஆகவே அன்பு மிகுந்தோர் நாயைப் பிள்ளையாகவே எழுதிவிடுகிறார்கள். கணினி அதை அப்படியே நம்பும். வாரிசுகளின் எண்ணிக்கையில் கூட்டும். வரைபடத்தில் உடன்பிறந்தோர் வரிசையில் நிறுத்தும்.

எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அது வேடிக்கை. அவருக்குப் பின் அந்தக் கோப்பு உறவினர் ஒருவர் கைக்குப் போகிறது. அவருடைய கோப்போடு இணைகிறது. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேத்தி அதைத் திறக்கிறாள். ‘மணி, மகன், பிறப்பு 1926, இறப்பு 1938’ என்று காண்கிறாள். பன்னிரண்டு வயதில் மாண்ட சிறுவனுக்காக அவள் வருந்துகிறாள். பங்கின் அடக்கப் பதிவேட்டில் அவனைத் தேடி அலைகிறாள். உண்மை தெரிந்த நாளில் அதைவிடப் பெரிய தீங்கு நேர்கிறது. அதே வீட்டில் மெய்யாகவே இளமையில் இறந்த குழந்தை ஒன்று செல்லப்பெயரோடு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அதையும் அவள் நாயென்று எண்ணித் தள்ளிவிடக்கூடும். ஒரு தாயின் கண்ணீர் அந்தக் கணத்தில் வரலாற்றிலிருந்து துடைக்கப்பட்டுவிடும்.

எனவே மரத்தின் கிளை இரத்த உறவுக்கும், திருமணத்துக்கும், மகவேற்புக்கும் உரியது. விலங்கின் இடம் அம்மரத்தின் நிழல். அந்த நிழலுக்கும் மென்பொருளில் வழியுண்டு. எந்த மென்பொருளிலும் ஒருவருடைய பதிவிலோ குடும்பப் பதிவிலோ குறிப்பு எழுதலாம், புகைப்படம் இணைக்கலாம். ‘கிராம்ப்ஸ்’ போன்ற இலவச மென்பொருளில் ‘வளர்ப்பு விலங்கு’ என நாமே ஒரு வகையை அமைத்துக்கொள்ளவும் முடியும். ஆயினும் நாமே அமைத்த வகைகள் வேறு மென்பொருளுக்கு மாறும்போது உதிர்ந்துபோகலாம். எளிய குறிப்பு பெரும்பாலும் நிலைக்கும். ‘நாய்’ என்னும் சொல்லைத் தெளிவாக எழுதி, அதன் பெயர், நிறம், வாழ்ந்த ஆண்டுகள், கொண்டுவந்தவர் யார், பெயரிட்டவர் யார் என்பவற்றைச் சேர்த்துவிட்டால் போதும். நாள் குறிக்கப்படாத பழைய புகைப்படத்தின் காலத்தைக் கணிக்க, அதில் காலடியில் படுத்திருக்கும் நாய் பின்னாளில் உதவும்.

இம்முறை நமக்குப் புதியதும் அன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் யாரைச் சார்ந்தவன் என்பதை முதலில் கூறுகிறது. பிறகு, கோவிவன் என்னும் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கூறுகிறது. வீரனருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அக்கல்லில் யாரும் நாயை அவன் தம்பி என்று எழுதவில்லை. நாய்தானே என்று விட்டுவிடவும் இல்லை. அதற்குரிய பெயரோடும் செயலோடும், அதற்குரிய இடத்தில் நிறுத்தினார்கள்.

நம் வீட்டுப் புகைப்படங்களின் பின்புறம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. பெயர் அறிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, படத்தில் இருப்போர் பெயர்களைக் கேட்டு எழுதிவிடுவோம். அவர்கள் காலடியில் இருப்பதன் பெயரையும் மறவாமல் கேட்போம்.